சாய்கோடு

பாளையங்கோட்டைக் கடைத்தெருவில் ஒரு மாடி. அந்த மாடியில் முப்பது பேர் காலையிலிருந்து சாயங்காலம் வரை மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேட்டதை எழுதுவதுதான் அவர்கள் வேலை. ஊர் ஊராகப் போய் மக்களிடம் கேள்வி கேட்டுப் பதிவு செய்த பேச்சு, சின்னச் சின்னத் துண்டுகளாகக் கணினிக்கு வரும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். பேச்சும் எழுத்தும் சேர்ந்து எங்கோ இருக்கும் ஓர் இயந்திரத்துக்குப் போகும். அதை வைத்து அது தமிழ் படிக்கும்.

பேசியவரின் பெயர் இருக்காது. ஊர் இருக்காது. ஓர் எண் மட்டும் இருக்கும்.

எழுதி முடித்து அனுப்பினால் அந்தத் துண்டு போய்விடும். திரும்ப வராது. சரியாகக் கேட்கவில்லை என்றால் ‘தெளிவில்லை’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் அந்தத் துண்டு மறுநாள் அதே ஆளிடம் திரும்பி வரும்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிறவர் முதலில் மரியபுஷ்பத்தின் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரே இயர்போனின் ஒரு முனை அவர் காதில், மறுமுனை புதியவர் காதில். இருவரும் ஒரே பேச்சைக் கேட்பார்கள். புதியவர் எழுதுவார். மரியபுஷ்பம் பார்த்துக்கொண்டிருப்பார். இதற்குக் காது பழகுதல் என்று பெயர்.

மரியபுஷ்பத்துக்கு வயது இருபத்தெட்டு. எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். அவரைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அப்படி மூத்தவர்களில் ஒருவர் கோமதிநாயகம். நாற்பத்தாறு வயது. சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ரீசார்ஜ் கடை வைத்திருந்தவர். மக்கள் தங்கள் போனிலேயே ரீசார்ஜ் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கடைக்கு வருவது குறைந்தது. பிறகு நின்றது. அவர் கடையை மூடிவிட்டு, ஏழெட்டு வருடம் கிடைத்த வேலையைப் பார்த்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

“வாங்க அண்ணாச்சி, உக்காருங்க” என்று இயர்போனின் ஒரு முனையை நீட்டினார் டீச்சர்.

அவர்கள் இருவரும் ஒரே வயரில் தலை சாய்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, எதிர் மேசை சாகுல் சொன்னான்: “குருவும் சீடரும் ஒரே குளுக்கோஸ் ஏத்திக்கிடுதாங்க.”

*

முதல் வாரம் ஓர் ஆட்டோக்காரர் பேசினார். கேள்வி, செல்போன் கோபுரங்களைப் பற்றியது.

“டவர் வந்து குருவி எல்லாம் செத்துப்போச்சு சார். அடுத்து மனுசந்தான். ஆனா ஒண்ணு, டவர் இல்லேன்னா எனக்குச் சவாரி வராது.”

கோமதிநாயகம் எழுதினார். குருவி பற்றிய வரிக்குப் பக்கத்தில், இது நிரூபிக்கப்படவில்லை என்று ஒரு குறிப்பும் சேர்த்தார்.

டீச்சர் அந்தக் குறிப்பை அழித்தார்.

“டீச்சர், அவரு சொன்னது தப்பு. நான் படிச்சிருக்கேன்.”

“தப்பாவே இருக்கட்டும்.”

“அப்புறம் ஏன் அழிச்சீங்க?”

“அந்தக் குறிப்பை அவரு சொல்லலையே அண்ணாச்சி.”

கோமதிநாயகம் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு அடுத்த துண்டைத் திறந்தார்.

*

இரண்டாவது வாரம் ஒரு மீன்காரி பேசினாள். போனால் வாழ்க்கை எப்படி மாறியது என்று கேட்டிருந்தார்கள்.

“இப்ப எல்லாரும் போன்ல விலை பாத்துட்டுத்தான் வாராங்க. வந்ததும் சரியான காசைக் கொடுத்துட்டுப் போயிருதாங்க. பேரம் பேச ஆளு இல்ல. நட்டம் ஒண்ணும் இல்ல.”

அதோடு திரையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அலை தட்டையானது. கோமதிநாயகம் அனுப்பும் பொத்தானுக்குப் போனார்.

டீச்சர் அவர் கையைத் தொடாமல், மேசையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். “இருங்க.”

“முடிஞ்சிட்டு டீச்சர். கோடு படுத்துட்டு.”

“கோடுதானே படுத்திருக்கு. துண்டு இன்னும் ஓடுது.”

ஓடியது. ஒரு பேருந்து போகும் சத்தம். தராசுத் தட்டு எங்கோ இடிக்கும் சத்தம். கடைசியில் மீன்காரி, தனக்குத் தானே சொல்வதுபோல்: “பேரம் போனதுல பேச்சும் போச்சு.”

கோமதிநாயகம் எழுதினார்.

“நடுவுல அவங்க பேசாம இருந்தாங்களே, அதை விட்டுட்டீங்க.”

“பேசாம இருந்ததை எப்படி டீச்சர் எழுத?”

டீச்சர் விசைப்பலகையில் ஒரு சாய்கோடு போட்டார். “இதுதான் அதுக்கு எழுத்து.”

*

தேநீர் நேரத்தில் எல்லோரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். கோமதிநாயகம் அன்றன்றைய தொழில்நுட்பச் செய்திகளைப் படித்துவிட்டு வந்திருப்பார். எந்த நிறுவனம் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பியது, எந்த நாட்டில் பிள்ளைகளுக்குப் போன் கூடாது என்று சட்டம் வந்தது, எந்த இயந்திரம் பாட்டெழுதியது எல்லாம் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கருத்தும் வைத்திருப்பார்.

“அண்ணாச்சி, தலைப்புச் செய்தி முடிஞ்சிட்டா? வானிலை என்ன?” என்பான் சாகுல்.

“சிரிடே, சிரி. நீ உக்காந்து தமிழ் சொல்லிக் கொடுக்கியே அந்த மெஷினு, அது படிச்சு முடிச்ச அன்னைக்கு உன் நாற்காலியில அது உக்காந்திருக்கும்.”

“உக்காரட்டும். இந்த நாற்காலியில ஒரு கால் ஆடுது. அதுக்கும் முதுகு வலிக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அந்தப் பயம் எல்லோருக்கும் இருந்தது.

கோமதிநாயகம் டீச்சர் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க டீச்சர். நம்ம குழியை நாமளே தோண்டுதோமா?”

டீச்சர் டீயைக் குடித்து முடித்தார். “உங்களைப் பேச்சறையில உக்காரச் சொல்லி எத்தனை தடவ சொல்லிட்டேன். எப்ப உக்காரப் போறீங்க?”

பேச்சறை என்பது மாடியின் மூலையில் இருந்த சின்ன அறை. சுவரெல்லாம் முட்டை அட்டைகள் ஒட்டியிருக்கும். நடுவில் ஒரு மைக். வேலைக்கு வந்தவர் ஒவ்வொருவரும் அங்கே ஒருமுறையாவது உட்கார்ந்து ஒரு கேள்விக்குப் பதில் பேச வேண்டும். பேசுவதன் சிரமம் தெரிந்தால்தான் ஒழுங்காகக் கேட்க வரும் என்பது டீச்சரின் எண்ணம்.

“உக்காருதேன், உக்காருதேன்” என்றார் கோமதிநாயகம். “அங்க போனா என்ன பேசன்னு வர மாட்டேங்குது.”

“இம்புட்டு நேரம் பேசினது யாரு?” என்றான் சாகுல்.

*

மாதத்தில் ஒரு வாரம் டீச்சர் இருக்க மாட்டார். பேச்சு சேகரிக்க வெளியூர் போவார். எந்த ஊருக்குப் போனார் என்று யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. அது அந்த வேலையின் ஒழுங்கு.

கோமதிநாயகம் காது பழகித் தனி மேசைக்கு வந்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டு வந்து முதல் துண்டைத் திறந்தார். திரையில் கேள்வி இருந்தது: தொழில்நுட்பச் செய்திகளைப் படிப்பீர்களா? அவற்றைப் பற்றி உங்கள் கருத்து என்ன?

காதில் ஒரு செருமல் கேட்டது.

அதற்குப் பிறகு பேச்சு தொடங்கியது. ஆனால் அந்தச் செருமலிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் வீட்டில் அப்பா அப்படித்தான் செருமுவார். அவரும் அப்படித்தான். அவர் தம்பி உலகநாதனும் அப்படித்தான்.

“படிப்பேங்க. தினமும் படிப்பேன். கருத்துன்னு கேட்டா... எனக்கு அதெல்லாம் இல்ல. ஒரு தடவ ஒரு கருத்து சொன்னேன். சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. ஆனா, சொல்லாம இருந்திருக்கலாம்.”

அலை தட்டையானது.

கோமதிநாயகம் இயர்போனைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கேட்டார்.

அந்த ஒரு கருத்து எதுவென்று அவருக்குத் தெரியும். கடையில் கூட்டம் இருந்த ஒரு காலை நேரம். உலகநாதன் கையில் போனோடு வந்தான்.

“அண்ணே, இனி எல்லாரும் அவங்கவங்க போன்லயே போட்டுக்கிடுவாங்களாம். செய்தியில வந்திருக்கு. இந்தக் கடை ரெண்டு வருசம் தாங்காது. நான் போன் சர்வீஸ் படிச்சுட்டு வாரேன். சர்வீஸ் கடையா மாத்துவோம்.”

நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். “தம்பி உசாராத்தான்வே இருக்கான். அண்ணந்தான் அசந்துட்டாரு.”

அந்தச் சிரிப்பு கோமதிநாயகத்துக்குச் சுட்டது. “உன் கருத்து எந்த ஊருல சோறு போடுதோ, அந்த ஊருக்குப் போ” என்றார்.

உலகநாதன் கடைச் சாவியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். போனான். பழைய போன் எண்ணை மாற்றிவிட்டான். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. கடை இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லை.

கோமதிநாயகம் அந்தத் துண்டை மறுபடி மறுபடி கேட்டார். எழுதி அனுப்பினால் போய்விடும். அங்கே எதையும் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. போனையெல்லாம் வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

அவர் ‘தெளிவில்லை’யை அழுத்தினார்.

மறுநாள் தம்பி வந்தான். செருமினான். பேசினான். அலை தட்டையானதும் கோமதிநாயகம் மறுபடி ‘தெளிவில்லை’ என்றார்.

அதற்கு மறுநாளும் வந்தான்.

தேநீர் நேரத்தில் கோமதிநாயகம் படிக்கட்டுப் பக்கம் போவதை நிறுத்தினார். செய்தி சொல்வதும் நின்றது.

“அண்ணாச்சிக்கு நெட்வொர்க் போயிட்டு” என்றான் சாகுல். பதில் வராததைப் பார்த்து, ஒரு டீயைக் கொண்டுவந்து அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

*

வேலை தொகுதி தொகுதியாக வரும். ஒரு தொகுதி முடியும் நாளில், அதுவரை தெளிவில்லாமல் நிற்கும் துண்டுகளை அழித்துவிடுவார்கள். அந்தத் தொகுதி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவதாக இருந்தது.

வெளியூரிலிருந்து திரும்பியிருந்த டீச்சர், அதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை கோமதிநாயகத்தின் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒரு துண்டு தினமும் திரும்புது போலிருக்கே. கேக்கலாமா?”

கோமதிநாயகம் இயர்போனின் ஒரு முனையைக் கொடுத்தார்.

இருவரும் கேட்டார்கள். அலை தட்டையானதும் கோமதிநாயகம் தன் முனையைக் கழற்றிவிட்டார். டீச்சர் கழற்றவில்லை. தலையைக் குனிந்தபடி இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“தெளிவாத்தானே இருக்கு அண்ணாச்சி.”

“ஆமா டீச்சர்.”

“அப்புறம் ஏன்?”

“எழுதினா போயிருவான்.”

டீச்சர் அவரைப் பார்த்தார்.

“என் தம்பி” என்றார் கோமதிநாயகம். “ஒன்பது வருசம் ஆச்சு.”

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எதிர் மேசையில் சாகுல் யாரோ சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தான்.

“அந்த எண்ணை வச்சு ஆளு யாருன்னு பாக்க முடியுமா?”

“இங்க முடியாது. மேல எழுதிக் கேக்கலாம். கேக்கக் கூடாது.”

“எனக்குப் பேரு வேண்டாம் டீச்சர். பேரு எனக்குத் தெரியும். நான்தான் அவனைப் பள்ளிக்கூடத்துல கொண்டு சேத்தேன். ஊரு மட்டும் போதும்.”

“பேரு கேக்க மாட்டோம், ஊரு சொல்ல மாட்டோம், யாரும் தேடி வர மாட்டாங்கன்னு சொல்லித்தான் அவங்களைப் பேச வைக்கோம்.”

“அது யாருக்கோ சொன்னது. நான் அவன் அண்ணன்.”

“அவரு அந்தப் பேச்சைப் பேசினது, யாரும் தேடி வர மாட்டாங்கன்னு நம்பித்தானே.”

கோமதிநாயகத்தின் முகம் மாறியது. “உங்களுக்கு என்ன வயசு டீச்சர்? கூடப் பிறந்தவனை விட்டுட்டு இருந்திருக்கீங்களா ஒரு நாளு? சட்டம் பேசுதீங்க.”

டீச்சர் எழுந்து போகவில்லை. 

கோமதிநாயகமே மறுபடி பேசினார். குரல் இறங்கியிருந்தது. “நாளைக்கு அழிச்சிருவாங்க, இல்லையா?”

“ஆமா. எழுதலேன்னா அழிச்சிருவாங்க.”

“எழுதினாலும் எனக்கு இல்ல. எழுதலேன்னா யாருக்கும் இல்ல.”

“ஆமா.”

“நீங்களே எழுதி அனுப்பிருங்களேன் டீச்சர். என் கையால வேண்டாம்.”

“உங்ககிட்ட வந்தது அண்ணாச்சி.”

“நான் என்ன செய்யட்டும், சொல்லுங்க.”

டீச்சர் எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார்.

“மீன்காரம்மாவுக்குச் செஞ்சதைச் செய்ங்க” என்றார்.

*

வெள்ளிக்கிழமை கோமதிநாயகம் காலையிலேயே வந்துவிட்டார். அந்தத் துண்டை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதினார். வாஷிங் மெஷின் வாங்கிய பிறகும் கைத்தறிச் சேலையைக் கையால்தான் துவைப்பேன் என்று ஒரு பெண் சொன்னதை எழுதினார். வகுப்பில் வாத்தியாரைவிடப் போன் நன்றாகச் சொல்லித் தருகிறது, ஆனால் நாம் புரியாமல் முழித்தால் அதற்குத் தெரியாது என்று ஒரு பையன் சொன்னதை எழுதினார். எதற்கும் அவர் கருத்து சொல்லவில்லை.

மத்தியானம் ஆனது. மேசைகளில் ஒவ்வொருவராகத் தொகுதியை முடித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தன் இடத்தில் இருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கோமதிநாயகம் தம்பியைத் திறந்தார்.

செருமலை எழுதினார். அதற்கும் ஒரு குறி உண்டு. படிப்பேங்க என்று எழுதினார். தினமும் படிப்பேன் என்று எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி, கேட்டு, எழுதினார். இத்தனை நாள் மனப்பாடமாக இருந்த பேச்சு, எழுதும்போது புதிதாக இருந்தது. ‘சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு’ என்ற இடத்தில் தம்பியின் குரலில் பெருமை இருக்கும் என்று இதுவரை நினைத்திருந்தார். இல்லை. அவன் அதை வேகமாகச் சொல்லிக் கடந்து போனான்.

சொல்லாம இருந்திருக்கலாம் என்று எழுதினார்.

அலை தட்டையானது. அவர் கை தானாக அனுப்பும் பொத்தானுக்குப் போனது.

நின்றது.

ஒரு சாய்கோடு போட்டார். துண்டை ஓட விட்டார்.

ஓடியது. எங்கோ ஒரு சைக்கிள் மணி. யாரோ ஷட்டரை இழுக்கும் சத்தம். மூச்சு. அது தம்பியின் மூச்சு. இது முடிந்துவிட்டது, வெறும் தெருதான் ஓடுகிறது என்று அவர் நினைத்த நேரத்தில், தம்பியின் குரல் வந்தது. மைக்கைவிட்டுத் தள்ளி, வேறு யாரிடமோ பேசும் குரல்.

“இதை யாராச்சும் கேப்பாங்களா?”

மைக்குக்கு மிகப் பக்கத்தில் இன்னொரு குரல் பதில் சொன்னது.

“கேப்பாங்க. ஒருத்தர் உக்காந்து கடைசி வரைக்கும் கேட்டு எழுதுவாங்க.”

“அப்பச் சரி.”

துண்டு முடிந்தது.

கோமதிநாயகத்தின் விரல்கள் விசைப்பலகைமேல் கிடந்தன. இரண்டாவது குரலுக்கு ஆள் யார் என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மாதக்கணக்கில் ஒரே வயரைப் பகிர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட குரல்.

அந்த மூன்று வரிகளையும் எழுதினார். ஒருமுறை படித்துப் பார்த்தார். அனுப்பினார்.

திரை காலியானது. பிறகு, ‘இந்தத் தொகுதி முடிந்தது’ என்று வந்தது.

*

அவர் டீச்சரின் மேசைக்குப் போய் நின்றார்.

“நீங்களா டீச்சர்?”

“ஆமா அண்ணாச்சி. நேத்து உங்க பக்கத்துல உக்காந்து கேட்டப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே.”

“நீங்க கேட்டு முடிக்கலையே.”

கோமதிநாயகம் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குக் கேட்க நிறைய இருந்தது. எதைக் கேட்டால் டீச்சரால் பதில் சொல்ல முடியாது என்பதும் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் தேடி, ஒரு கேள்வியை எடுத்தார்.

“எப்படி இருந்தான்?”

டீச்சர் யோசித்தார். “இதைச் சொல்லலாம்” என்றார். “முன்பக்கம் முடி கொஞ்சம் கொட்டியிருந்துச்சு. சட்டைப் பையில ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் குத்தி வச்சிருந்தாரு.”

“போன் கழட்டுதது.”

“அப்படித்தான் இருந்துச்சு.”

“படிச்சுட்டான்” என்றார் கோமதிநாயகம். பக்கத்தில் யாரும் இல்லாததுபோல் இன்னொரு முறை சொன்னார். “படிச்சுட்டான்.”

“பேசி முடிச்சதும் எனக்கு டீ வாங்கித் தந்தாரு. வேண்டாம்னாலும் கேக்கல.”

“கேக்க மாட்டான். அவனும் குடிச்சானா?”

“குடிச்சாரு. சீனி வேண்டாம்னாரு.”

“ரெண்டு கரண்டி போடுவானே.” கோமதிநாயகம் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “சர்க்கரை வந்திருக்கும். அப்பாவுக்கும் இந்த வயசுலதான் வந்தது. மாத்திரை போடுதானோ என்னவோ.”

டீச்சர் மேசைமேல் கிடந்த இயர்போன் வயரைச் சுற்றி வைத்தார்.

“நீங்க மறுபடி அந்தப் பக்கம் போவீங்களா?”

“அடுத்த மாசம் போற வேலை இருக்கு.”

“அவனைப் பாத்தா...” என்று தொடங்கினார். முடிக்கவில்லை. மறுபடி, “அவனைப் பாத்தீங்கன்னா” என்றார். அதோடு நின்றது.

டீச்சர் எழுந்தார். “வாங்க அண்ணாச்சி.”

*

பேச்சறைக்குள் வெளிச் சத்தம் எதுவும் வரவில்லை. டீச்சர் கதவைச் சாத்தினார். கோமதிநாயகம் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தார். எதிரே டீச்சர்.

ஊர் ஊராகப் போய் எல்லோரிடமும் சொல்வதை டீச்சர் அவரிடமும் சொன்னார்.

“உங்க பேரு கேக்க மாட்டோம். உங்க ஊரு கேக்க மாட்டோம். யாரும் உங்களைத் தேடி வர மாட்டாங்க.”

கோமதிநாயகம் தலையசைத்தார்.

“இனி சொல்லுதது எல்லாருக்கும் சொல்லுதது இல்ல. இந்தப் பதிவு மெஷினுக்குப் போகாது. நான் கையில கொண்டுபோவேன். ஒருத்தரைப் பாத்தா, ஒரு குரல் இருக்கு, கேக்கீங்களான்னு கேப்பேன். சரின்னா கொடுப்பேன். வேண்டாம்னா அங்கயே அழிச்சுட்டு வந்திருவேன். வந்து உங்ககிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்.”

“கொடுத்தீங்களா இல்லையான்னு கூடவா?”

“அதுவும்தான். சம்மதமா?”

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, “சம்மதம்” என்றார்.

டீச்சர் பொத்தானை அழுத்தினார். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. தாளைப் பார்க்காமலே கேள்வியைச் சொன்னார்.

“தொழில்நுட்பச் செய்திகளைப் படிப்பீர்களா? அவற்றைப் பற்றி உங்கள் கருத்து என்ன?”

கோமதிநாயகம் செருமினார்.

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

அவர் வாயைத் திறந்தார். எந்தச் சொல்லும் வரவில்லை. படிக்கட்டுப் பக்கத்தில் நின்று தினமும் பேசிய வாய்.  மைக்கைப் பார்த்தார், முட்டை அட்டைகளைப் பார்த்தார், சிவப்பு விளக்கைப் பார்த்தார். திரையில் கோடு படுத்தே கிடந்தது.

“டீச்சர்” என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. “சும்மா ஓடிக்கிட்டிருக்கே.”

“ஓடட்டும் அண்ணாச்சி” என்றார் டீச்சர். “அவரும் கொஞ்ச நேரம் சும்மாத்தான் இருந்தாரு.”